ஜாம்பியாவுக்கு ரிக் வேலைக்குப் போகிறேன்: காலரா மருந்து கட்டாயமா?

டிரில்லர்_சங்ககிரி | நவம்பர் 5

எல்லோருக்கும் வணக்கம். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில், அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில், 11 வருடமாக இருக்கிறேன். ஹெல்பராக ஏறினேன், இப்போது டிரில்லர். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று சப்போர்ட் லாரியில் படுத்தே பாதி நாட்டைப் பார்த்தாயிற்று. கடல் தாண்டுவது இதுதான் முதல் தடவை. டிசம்பர் 2ஆம் தேதி கிளம்பி, அடிஸ் அபாபாவில் விமானம் மாறி, லுசாக்கா போய்ச் சேர வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம்.

என் சந்தேகம் இதுதான். விசா வேலை பார்க்கும் ஏஜென்ட், "மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கோ, கூடவே காலரா சர்டிபிகேட்டும் வேணும், அது இல்லாம அங்க இறங்கவே விடமாட்டாங்க" என்கிறார். சரி, எங்கே போட வேண்டும் என்று கேட்டால், "நீ எதுவும் போட்டுக்க வேண்டாம், 3,500 ரூபா குடு, சீல் குத்தி அட்டை கைக்கு வந்துடும்" என்கிறார். மருந்தே இல்லாமல் அட்டை மட்டும் என்றதும் மனசு ஒப்பவில்லை. பணம் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் அப்பத்தாவுக்கு 84 வயது. காலரா என்ற பேச்சை எடுத்ததும் அவர் முகமே மாறிவிட்டது. அவருக்குப் பத்து வயது இருக்கும்போது பக்கத்து வீட்டில் ஒரே வாரத்தில் மூன்று பேர் வாந்திபேதியில் போனார்களாம். அப்புறம் தேர்த்திருவிழாவுக்கு முன்னால் ஊருக்கே ஊசி போட்டார்களாம். கை வீங்கி, இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாராம். இதையெல்லாம் கேட்டு என் மனைவி தூங்குவதே இல்லை. "அந்த ஊருக்குத்தான் போகணுமா?" என்று தினமும் ஒரு தடவை கேட்டுவிடுகிறாள்.

இப்போதும் அதே ஊசிதானா? உண்மையில் கட்டாயமா? எனக்கு இருப்பது 27 நாள்தான், அதற்குள் முடியுமா? இன்னொன்று: நேரத்துக்குச் சாப்பிடாமல் வயிறு கெட்டுப்போய், இரண்டு வருடமாகத் தினமும் காலையில் பான்டாப்ரசோல் மாத்திரை போடுகிறேன். அதனால் ஏதாவது பிரச்சினை உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஸ்டாஃப்நர்ஸ்_சேலம் | நவம்பர் 5

அண்ணா, பணம் கொடுக்காமல் வந்தது நல்ல காரியம். வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பூசி போடும் பிரிவில் நான் 6 வருடம் வேலை பார்த்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சர்டிபிகேட். காலரா தடுப்பூசிச் சான்றிதழ் ஒரு காலத்தில் உண்மையிலேயே இருந்தது. 6 மாதத்துக்குத்தான் செல்லும். ஆனால் 1973இலேயே உலக சுகாதார சபை அதைப் பன்னாட்டு விதிகளிலிருந்து எடுத்துவிட்டது. ஊசி போட்டவர்கள் மூலமாகவும் நோய் எல்லை தாண்டுகிறது, அட்டையைப் பார்த்து அதைத் தடுக்க முடியாது என்பது தெரிந்துபோயிற்று. சான்று கேட்கும் அட்டை மஞ்சள் காய்ச்சலுக்கு உரியது. இரண்டையும் குழப்பித்தான் ஏஜென்ட்டுகள் காசு பார்க்கிறார்கள்.

நீங்கள் அடிஸ் அபாபா வழியாகப் போய்வருவதால் மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். எத்தியோப்பியா அந்த நோய் உள்ள நாடு. விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறிச் செல்பவருக்கு விலக்கு உண்டு என்று நம் நாட்டு விதி சொல்கிறது. ஆனால் அதுவும் சுகாதார அதிகாரி ஒத்துக்கொண்டால்தான். திரும்பி வரும்போது அட்டை இல்லையென்றால் 6 நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு பற்றி விசாரித்துவிட்டுப் போங்கள். போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் போதும். அதனால் இந்த வாரமே போய்விடுங்கள்.

இனி காலரா. உங்கள் அப்பத்தா சொன்ன ஊசி இப்போது கிடையாது. அது பாதியளவுதான் காத்தது, அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். இப்போது இருப்பது வாயில் ஊற்றிக்கொள்ளும் சொட்டு மருந்து. ஊசி இல்லை, கை வீங்காது. ஹைதராபாத்தில் செய்துகொண்டிருந்த ஷான்கால் 2009இல் வந்தது, இப்போது அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் பாரத் பயோடெக் 'ஹில்கால்' என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. இரண்டு டோஸ், நடுவில் 14 நாள். ஒரு வயதுக்கு மேல் எல்லோருக்கும் கொடுக்கலாம். தெருமுனை மருந்துக்கடையில் கேட்டால் முழிப்பார்கள். பெரிய மருத்துவமனைகளின் தடுப்பூசிப் பிரிவுக்கு போன் போட்டு, பெயரைச் சொல்லி, வரவழைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். பத்து இடத்தில் இல்லை என்று சொன்னாலும் விடாதீர்கள்.

எவ்வளவு காக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் குடித்துவிட்டால் எதையும் சாப்பிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஷான்கால் வகை மருந்தைக் கொல்கத்தாவில் சேரிப் பகுதிகளில் கொடுத்து 5 ஆண்டுகள் கவனித்தார்கள். இரண்டு டோஸ் எடுத்தவர்களுக்கு 65 விழுக்காடு பாதுகாப்பு கிடைத்தது. பெரிய உதவிதான், ஆனால் மூன்றில் ஒரு பங்கு ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையை நீங்கள் குடிக்கும் தண்ணீர்தான் அடைக்க வேண்டும்.

பான்டாப்ரசோல் பற்றிக் கேட்டீர்களே, அதுதான் உங்கள் பதிவிலேயே முக்கியமான விஷயம். காலராக் கிருமிக்கு வயிற்று அமிலம் ஆகாது. உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பகுதி அங்கேயே செத்துவிடும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தினமும் போடுகிறவருக்கு அந்தக் காவல் இல்லை, கொஞ்சம் கிருமி போனாலே நோய் பிடித்துவிடும். நீங்களாக நிறுத்த வேண்டாம். போவதற்கு முன் வயிற்று மருத்துவரிடம் காட்டி, உண்மையிலேயே தேவையா என்று கேளுங்கள். தேவைதான் என்றால், காலரா மருந்தை விடாமல் எடுப்பதற்கு அதுவே காரணம்.

---

கிட்வே_வியாபாரி | நவம்பர் 6

நான் ஜாம்பியாவில் 9 வருடமாக இருக்கிறேன். காலரா மருந்து எதுவும் எடுத்ததில்லை, எனக்கு ஒன்றும் வந்ததில்லை. எங்கள் கடையில் 6 பேர் இந்தியர்கள், யாருக்கும் வந்ததில்லை. தம்பியின் மனைவியை வீணாகப் பயமுறுத்தாதீர்கள். சீல் உடைக்காத பாட்டில் தண்ணீர் குடி, வீட்டில் சமைத்துச் சாப்பிடு. மலேரியாவுக்குப் பயப்படு, அதுதான் இங்கே ஆளைப் படுக்க வைப்பது. கொசுவலை கொண்டுவா.

---

பழைய_ரிக்_மேனேஜர் | நவம்பர் 6

தம்பி, நான் 2016 முதல் 2019 வரை லுசாக்காவில் ரிக் மேனேஜராக இருந்தவன். இப்போது ஊரில் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறேன். கிட்வேக்காரர் சொல்வது அவருடைய வாழ்க்கைக்குச் சரி. கடையில் உட்கார்ந்து, வீட்டில் சமைத்து, பாட்டில் தண்ணீர் குடிப்பவருக்குக் காலரா வருவது அபூர்வம். மலேரியா பற்றி அவர் சொன்னதும் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நீ போவது கடைக்கு இல்லை, ரிக் வண்டிக்கு. நம் வேலை தண்ணீருக்குள்ளே செய்கிற வேலை. அதனால் நீ மருந்து எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்கிறேன், காரணத்தையும் சொல்கிறேன்.

லுசாக்காவின் மேற்கே கன்யாமா என்று ஒரு பகுதி இருக்கிறது. லட்சக்கணக்கான ஜனம், நெருக்கி அடித்த வீடுகள். அடியில் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை வகை. சில இடத்தில் மூன்று அடி தோண்டினாலே பாறை முட்டும். அதனால் கக்கூஸ் குழியை ஆழமாகத் தோண்ட முடியாது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு தப்படி தள்ளி, கையால் தோண்டிய மேலோட்டமான கிணறு. நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை மழை. பெய்கிற தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கும். குழியும் கிணறும் ஒன்றாகிவிடும். காலரா எங்கிருந்து வருகிறது என்று அங்கே யாரும் புத்தகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ஜனவரியில் ஒரு தெருவில் நடந்தாலே தெரியும். நீ போய் இறங்குவது சரியாக அந்தப் பருவத்தில்.

2017 அக்டோபரில் ஆரம்பித்தது. புது வருடம் பிறக்கும்போது நகரமே மாறிவிட்டது. தெருவில் காய்கறி விற்கத் தடை. சந்தைகளைச் சுத்தம் பண்ண ராணுவம் வந்தது. பள்ளிக்கூடம் திறப்பதைத் தள்ளிப்போட்டார்கள். கை குலுக்குவதை எல்லோரும் விட்டுவிட்டார்கள், முழங்கையை இடித்துக்கொண்டார்கள். கொரோனா வந்தபோது நம் ஊரில் அதைப் பார்த்து எல்லோரும் அதிசயப்பட்டார்கள், எனக்கு அது பழசாக இருந்தது.

ஜனவரி முதல் வாரம். என் வண்டியில் ராசிபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் ஹெல்பர், 22 வயது, 55 கிலோ. நல்ல உழைப்பாளி. ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு போக ஆரம்பித்தது. கூட இருந்தவர்கள் பேதி நிற்கும் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிட்டார்கள், என்னை எழுப்பவில்லை. ஐந்தரைக்கு டீ போட எழுந்தவன்தான் என்னிடம் ஓடி வந்தான். போய்ப் பார்த்தேன். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது, வாடையே இல்லை. கண் குழிக்குள் போய்விட்டது. கெண்டைக்கால் சதை கல்லாக இழுத்துக்கொண்டிருந்தது. கையைப் பிடித்தேன். விரல் நுனியெல்லாம் ரொம்ப நேரம் துணி துவைத்த கை மாதிரி சுருங்கி, புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டால் அப்படியே நின்றது. "அண்ணா" என்று கூப்பிட்டான். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மூன்றரை மணி நேரத்துக்கு முன்னால் நன்றாக இருந்த பையன், தம்பி.

பிக்கப்பில் போட்டுச் சிகிச்சைக் கூடாரத்துக்குக் கொண்டுபோனோம். வாசலில் குளோரின் ஊற்றிய கோணியை மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும், கை காலெல்லாம் குளோரின் தெளித்தார்கள். உள்ளே கட்டில் எல்லாம் நடுவில் வட்டமாக ஓட்டை வெட்டியது, கீழே பிளாஸ்டிக் வாளி. வாளியில் அளவுக் கோடு. எவ்வளவு போகிறது என்று பார்த்து அவ்வளவையும் திருப்பி ஏற்றுகிறார்கள். இரண்டு கையிலும் ஊசி குத்தி ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீரை ஏற்றினார்கள். அரை லிட்டர் பாட்டில். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். மூன்று மணி நேரத்தில் 11 பாட்டில். எட்டாவது ஏறும்போது கண்ணைத் திறந்து பார்த்தான். பத்தாவதில் குரல் வந்தது. சாயங்காலம் ரசம் சோறு கேட்டான். ஒரு மனுஷன் காய்ந்துபோய் மறுபடி நனைந்து எழுந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

சரியான நேரத்தில் தண்ணீரும் உப்பும் ஏற்றினால் நூறில் ஒருவர்கூடச் சாக மாட்டார் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். விட்டுவிட்டால், மோசமாகப் பிடித்தவர்களில் பாதிப் பேர் போய்விடுவார்களாம். இடையில் இருப்பது சில மணி நேரம் மட்டுமே. என்னை இரண்டு மணிக்கே எழுப்பியிருந்தால், கையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்திருந்தால், அந்தப் பையன் அந்த நிலைக்கே போயிருக்க மாட்டான். இந்த நாள் வரைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. கேம்ப்பில் 40 பாக்கெட் ஹைட்ராலிக் ஆயில் சீல் ஸ்டாக் வைத்திருந்தேன், ஓ.ஆர்.எஸ். ஒன்றுகூட வைக்கவில்லை.

அவனுக்கு எப்படி வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முந்தின இரண்டு நாள் கன்யாமாவை ஒட்டித்தான் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தோம். உனக்கே தெரியும், கம்ப்ரசர் காற்று அடிக்கும்போது முதல் இருபது அடித் தண்ணீர் எங்கே வந்து விழும்? ஹெல்பர் மூஞ்சியில்தான். அந்த இருபது அடித் தண்ணீர் என்ன தண்ணீர் என்று மேலே சொல்லிவிட்டேன். சேறு தெறித்த கையைப் பேருக்கு அலம்பிவிட்டு, நின்றபடியே பன் சாப்பிடுவோம். இன்ஷிமா என்று மக்காச்சோள மாவில் நம் களி மாதிரி செய்வார்கள், உள்ளூர் ஆட்களோடு ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவோம். அன்பாகக் கூப்பிடும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சாப்பிடு. ஆனால் சோப்பு உன் பையில் இருக்கட்டும். அங்கே சாப்பாட்டுக்கு முன் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து கை கழுவ விடுவது மரியாதை. எல்லோரும் ஒரே கிண்ணத்தில் கை விட்டால் நீ எழுந்துபோய் ஊற்றிக் கழுவு.

பையன் படுத்திருந்த அதே மாதத்தில் லுசாக்காவில் ஜனங்களுக்குச் சொட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். நானும் கேம்ப்பில் இருந்த அத்தனை பேரும் வரிசையில் நின்று வாங்கினோம். சின்னக் குப்பி, ஒரு மடக்கு, முடிந்தது. இரண்டு டோஸை ஊரிலேயே முடித்துவிட்டுப் போயிருக்க வேண்டிய மருந்தை, நோய் வாசலுக்கு வந்த பிறகு வரிசையில் நின்று குடித்தோம்.

அது ஏதோ ஒரு வருடம் நடந்தது என்றும் நினைக்காதே. 2023 அக்டோபரில் மறுபடி வந்தது, அந்தத் தடவை இன்னும் மோசம். 2024 ஜனவரியில் தேசிய ஹீரோஸ் ஸ்டேடியத்தையே சிகிச்சை முகாமாக மாற்றினார்கள். நாடு முழுக்க 700 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ஸ்டேடியத்துக்குப் பந்து பார்க்கப் போயிருக்கிறேன். படத்தில் கட்டில் வரிசையைப் பார்த்தபோது கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

---

கிட்வே_வியாபாரி | நவம்பர் 6

மேனேஜர் அண்ணா, ரிக் வேலை எப்படி என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்ன பிறகு புரிகிறது. தம்பி, மருந்து எடுத்துக்கொண்டே வா. 2024இல் மொத்த உலகத்திலும் இந்த மருந்துக்குத் தட்டுப்பாடு. இரண்டு டோஸ் கொடுக்க வேண்டியதை ஒரு டோஸாகக் குறைத்துத்தான் நாடுகளுக்குப் பங்கு போட்டார்கள். இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. அப்படியே கிடைத்தாலும் அது கன்யாமாக் குழந்தைக்குப் போக வேண்டியது.

---

டொரொன்டோ_அக்கா | நவம்பர் 7

நான் யாழ்ப்பாணம், இப்ப டொரொன்டோவில் இருக்கிறன். இங்க டுக்கோரல் எண்டு வேற மருந்து. பவுடரைத் தண்ணியில் கரைச்சு, மருந்தை அதுக்குள்ள விட்டுக் குடிக்க வேணும். ராஸ்ப்பெரி வாசம். குடிக்கிறதுக்கு ஒரு மணித்தியாலம் முன்னும் பின்னும் ஒண்டும் சாப்பிடக் கூடாது. பெரியாக்களுக்கு இரண்டு தரம், குறைஞ்சது ஒரு கிழமை இடைவெளி, வெளிக்கிடுறதுக்கு ஒரு கிழமை முன்னம் முடிச்சிருக்க வேணும். கியூபா, மெக்சிகோ போற சனம் வயிற்றோட்டம் வராமல் இருக்க எண்டு ஃபார்மசியில் வாங்கிக் குடிக்கும். ஆனால் சாதாரண பயண வயிற்றோட்டத்துக்கு அதை வழக்கமாக எடுக்கத் தேவையில்லை எண்டுதான் இங்கத்தைய வைத்திய ஆலோசனைக் குழு சொல்லுது. காலரா இருக்கிற இடத்துக்கு வேலைக்குப் போற உங்களைப் போல ஆக்களுக்குத்தான் அது உண்மையில் உதவும்.

அமெரிக்காவில் இருக்கிற என்ர தம்பி கென்யா போகேக்கை வக்ஸ்கோரா எண்டு ஒண்டு எடுத்தவன். அது ஒரே தரம், 10 நாளைக்கு முன்னம் குடிச்சால் சரி. உங்களுக்கு ஊரில எது கிடைக்குதோ அதை எடுங்கோ, ஆனால் ஒண்டைத் துவங்கினால் அதையே முடியுங்கோ. ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு வேற வேற. நான் இதை எழுதினதே அதுக்குத்தான், இணையத்தில் ஆரோ ஒரு மருந்தின்ர கணக்கைப் பார்த்து மற்ற மருந்தைக் குடிக்கிற ஆக்களை எனக்குத் தெரியும்.

---

டிரில்லர்_சங்ககிரி | நவம்பர் 12

எல்லோருக்கும் நன்றி. மேனேஜர் அண்ணா எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். பயப்படுவாள் என்று நினைத்தேன், ஆனால் அவள் எழுந்துபோய் ஒரு நோட்டு எடுத்து வந்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

ஈரோட்டில் நான்கு இடம், சேலத்தில் மூன்று இடம் போன் போட்டோம், இல்லை. கோயம்புத்தூரில் ஓர் இடத்தில் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். நேற்று முன்தினம், 10ஆம் தேதி, முதல் டோஸ் ஆயிற்று. நாக்கில் கொஞ்ச நேரம் மருந்து வாடை, அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. 24ஆம் தேதி இரண்டாவது. கிண்டிக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் போட்டாயிற்று. என்னோடு வரும் இரண்டு ஹெல்பர்களையும் கூட்டிப்போனேன். முதலாளியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டியதும் மூன்று பேருக்கும் அவரே பணம் கொடுத்துவிட்டார்.

வயிற்று மருத்துவர் எண்டோஸ்கோபி பார்த்துவிட்டு, புண் எதுவும் இல்லை, மாத்திரையைப் படிப்படியாக விட்டுவிடலாம் என்றார். இரண்டு வருடம் சும்மா போட்டிருக்கிறேன்.

அப்பத்தாவிடம், இப்போது ஊசி இல்லை, வாயில் ஊற்றுகிறார்கள் என்று சொன்னேன். நம்பவில்லை, என் கைச்சட்டையை ஏற்றிவிட்டுத் தடவிப் பார்த்தார்.

கேம்ப்பில் தண்ணீருக்கு என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள் அண்ணா. பாட்டில் தண்ணீர் 9 பேருக்குக் கட்டுப்படியாகாது என்கிறார்கள்.

---

ஸ்டாஃப்நர்ஸ்_சேலம் | நவம்பர் 12

ரொம்ப சந்தோஷம் அண்ணா. 24ஆம் தேதி இரண்டாவது டோஸ் முடிந்தால் கிளம்பும் முன் 8 நாள் இருக்கிறது, பாதுகாப்பு வந்து நிற்க அது போதும். மலேரியாத் தடுப்பு மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் இருக்கப் போவதால் எத்தனை நாள் போட வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

ஓ.ஆர்.எஸ். ஆளுக்குப் பத்துப் பாக்கெட்டாவது எடுத்துப்போங்கள், ஒரு பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. பாதிப் பாக்கெட்டை டம்ளரில் போட்டுக் குடிக்கிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, அது தப்பு. பாக்கெட் தீர்ந்துபோனால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய டீ ஸ்பூன் 6 சர்க்கரை, அரை டீ ஸ்பூன் உப்பு. பேதி நிற்கும் மாத்திரை வேண்டாம். தண்ணீராக மூன்று தடவை போனாலே கரைத்துக் குடிக்கத் தொடங்கி, பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிவிட வேண்டும். இதை ஹெல்பர் தம்பிகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு யாரையும் எழுப்பாமல் இருப்பார்கள்.

---

பழைய_ரிக்_மேனேஜர் | நவம்பர் 13

தம்பி, தண்ணீருக்கு நாங்கள் அப்புறம் செய்தது இது. குடிக்கிற தண்ணீருக்கென்று தனியாக இரண்டு 20 லிட்டர் கேன், மூடியும் குழாயும் வைத்தது. அதற்குள் யாரும் டம்ளரை விடக் கூடாது, சமையல்காரர் உட்பட. தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்து ஊற்று. கேஸ் தீர்ந்த அன்றைக்கு, அங்கே கடைகளில் 'குளோரின்' என்றே பெயர் போட்ட சின்ன பாட்டில் விற்பார்கள், அதில் எழுதியிருக்கும் அளவுப்படி விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே குடித்தால் பிரயோஜனம் இல்லை.

கலங்கல் தண்ணீராக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டு. உன் வீட்டில் பழைய நூல் சேலை ஒன்று கேட்டு எடுத்துப்போ. பழசாக இருக்க வேண்டும், துவைத்துத் துவைத்து இழை நெருங்கியது. பங்களாதேஷில் மத்லாப் பக்கத்து கிராமங்களில் ரீட்டா கோல்வெல் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும், குளத்துத் தண்ணீரைப் பழைய சேலையை மடித்து வடிகட்டச் சொல்லிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதிலேயே காலரா கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. 2003இல் வெளியான ஆய்வு அது. கிருமி தண்ணீரில் இருக்கும் நுண்ணிய பூச்சிகள் மேல் ஒட்டிக்கொண்டு வருமாம், பூச்சி துணியில் மாட்டிக்கொள்கிறது. வடிகட்டிவிட்டு அப்படியே குடித்துவிடாதே. அதற்கு மேல் கொதிக்கவும் வைக்க வேண்டும், இல்லை குளோரினாவது விட வேண்டும்.

வண்டியில் சோப்பை நூலில் கோத்து டூல் பாக்ஸ் பக்கத்தில் தொங்கவிடு. முதல் முப்பது அடி ஓட்டும்போது ஹெல்பர் முகத்தில் துணி கட்டட்டும், வாயை மூடி வைக்கட்டும்.

கடைசியாக, தொழில் விஷயம். அந்தப் பாறையில் நாற்பது அடி, அறுபது அடியில் திடீரென்று ராடு தானாக இறங்கும், பொந்து. மேலே இருக்கிற கக்கூஸ் தண்ணீர் அந்த வழியாக எவ்வளவு ஆழத்துக்கும் போகும். அதனால் 200 அடி போட்டுவிட்டோம், நல்ல தண்ணீர் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. கேசிங் குழாயை நல்ல பாறை வரைக்கும் இறக்கி, வெளிப்பக்கத்து இடைவெளியில் சிமென்ட் பால் ஊற்றி அடைத்துவிடு. அங்கே பாதி வண்டிக்காரர்கள் நேரம் மிச்சம் பிடிக்க மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அடுத்த பாயிண்ட்டுக்குப் போய்விடுவார்கள். நானே முதல் வருடம் அப்படிச் செய்திருக்கிறேன். நீ குடிக்காவிட்டாலும் அந்தத் தெருவில் 60 வீடு அதைக் குடிக்கும். முதலாளி சிமென்ட் கணக்குக் கேட்டால் என் பெயரைச் சொல்லு, நான் பேசிக்கொள்கிறேன்.

லுசாக்காவில் எனக்கு வண்டி ஓட்டியவர் ஒருவர் இருக்கிறார், நல்ல மனுஷன். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். இறங்கியதும் சிம் போட்டு அவருக்கு ஒரு செய்தி அனுப்பு. மூடி போட்ட கேன் எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.